தொடக்க மாணாக்கரும் காலப்பிரமாணமும்

சுருதியைத் தாயெனவும் லயத்தைத் தந்தையெனவும் போற்றுவது நம் இசைமரபு. ஆயினும், தொடக்க மாணாக்கர்க்குச் சுருதியை வற்புறுத்தும் அளவிற்கு லயத்தை வற்புறுத்தாமை பலவிடத்தும் காணப்படுகின்றது. மூன்று காலங்களையும் வேகத்தின் மூன்று படிகளெனக் கற்பிப்பதே இக்குறைக்கு மூலமாகும்.

முதற் சரளிவரிசையை நோக்குவோம். அதன் சுரங்கள் 16. ஆதிதாளத்தின் அட்சரங்கள் 8. முதற்காலத்தில் அட்சரத்திற்கு ஒரு சுரமாக இரண்டு ஆவர்த்தனங்களும், இரண்டாங்காலத்தில் இரண்டு சுரங்களாக ஓர் ஆவர்த்தனமும், மூன்றாங்காலத்தில் நான்கு சுரங்களாக அரை ஆவர்த்தனமும் அவ்வரிசை கொள்ளும். ஆதலின், மூன்றாங்காலத்தில் இருமுறை பாடினாலன்றி ஆவர்த்தனம் நிறைவுறாது. இங்கு மிகுவது சுரங்களின் செறிவேயன்றித் தாளத்தின் விரைவன்று. இவ்வுண்மையை அறியாத மாணாக்கர் காலம் மாறுந்தோறும் கையையும் விரைவுபடுத்துகின்றனர். பின்னர் வர்ணத்தை இரு காலங்களிற் பாடப் புகும்போது இடர்ப்படுகின்றனர்.

ஆதலால், சுரம் பாடுமுன் தாளத்தை மட்டும் ஒரே சீராகப் போடப் பழக்குதல் வேண்டும். பின்னர் மூன்று காலங்களையும் இடைவிடாது பாடி, மீண்டும் முதற்காலத்திற்கு வரச்செய்தல் வேண்டும். அவ்வாறு மீண்டபொழுது தாளம் தொடங்கிய அளவிலேயே நிற்குமாயின், மாணாக்கர் காலத்தை உணர்ந்தனரெனக் கொள்ளலாம். அதன்முன் அடுத்த வரிசைக்குச் செல்லுதல் கற்பித்தலாகாது.