ஆதிக்குடிகளும் குடிவழித் தேடலும்: யாழ்ப்பாண வம்சாவளி வரலாறுகள் பற்றியதொரு விமரிசன நோக்கு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலர்கள், ‘கல்வெட்டு’ என்று மக்கள் வழங்குவன, சமூக வரலாற்றுக்குரிய ஆவணங்கள் என்ற வகையில் இன்னும் போதிய கவனத்தைப் பெறவில்லை. திதி வெண்பா, புலம்பல் ஆகியவற்றோடு இறந்தவரின் வம்சாவளியும் அவற்றில் இடம்பெறுவதுண்டு. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தத்தம் ஊரின் முதற்குடிகளைத் தேட முற்பட்டிருக்கும் இக்காலத்தில், இவ்வம்சாவளிகளும் ஊர் வரலாறுகளும் புதியதோர் முக்கியத்துவத்தைப் பெற்றுள்ளன. அவை எத்தகைய சான்றாதாரங்களைத் தாங்கி நிற்கின்றன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆதிக்குடியேற்றம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நாடுவது கயிலாயமாலையும் யாழ்ப்பாண வைபவமாலையும் தரும் பட்டியலையே. பாண்டி மழவன் திருநெல்வேலியிலும், மண்ணாடுகொண்ட முதலி இருபாலையிலும், கனக மழவன் புலோலியிலும், தனிநாயகன் நெடுந்தீவிலும் இருத்தப்பட்டனர் என அவை கூறுகின்றன. இரு நூல்கள் ஒன்றையே கூறுவதால் செய்தி உறுதிப்படுகின்றது என்று வாதிப்பாருமுளர். ஆயின் ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் வைபவமாலையை இயற்றிய மயில்வாகனப் புலவருக்குக் கயிலாயமாலை முதனூல்களுள் ஒன்றாகும். வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பவற்றோடு அதுவும் நூலின் சிறப்புப்பாயிரத்திலேயே சுட்டப்படுகின்றது. முன்னூலைப் பின்பற்றியது பின்னூல். ஆகவே இருவர் சாட்சி போலத் தோன்றுவது உண்மையில் ஒருவர் சாட்சியே. வைபவமாலையின் காலக்கணக்கிலும் செய்திகளிலும் உள்ள முரண்பாடுகளைச் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ ஆராய்ந்துள்ளது. இருந்தும், வம்சாவளி எழுதுவோரிற் பலர் அந்த விமரிசனத்தைக் கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை.

இப்பட்டியல் பயனற்றது என்பது எமது கருத்தன்று. அது எதற்குச் சான்று என்பதே வினா. ஒவ்வொரு தலைவனுக்கும் ஊரும் குலமும் சிறப்பும் கூறி, அவனோடு வந்தோரைப் பெயரின்றி விட்டுவிடும் இப்பட்டியல், குடியேற்றம் நிகழ்ந்தவாற்றைக் காட்டுவதினும், நூல்கள் எழுந்த காலத்தில் மேன்மைக்கு உரிமை கோரியோர் யாவர் என்பதையே தெளிவாகக் காட்டுகின்றது. நிலத்தைத் திருத்தியோரும் கிணறு வெட்டியோரும் கடலோடியோரும் பனையேறியோரும் அதிற் பெயர் பெறவில்லை. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சில சாதியினரை அடிமைகளாகக் கொண்டு அவர்கள் பற்றிய விதிகளையும் உள்ளடக்கியிருந்தது. அந்நிலை சட்டத்தில் ஒழிந்தது 1844இலேயே. ‘எமது முன்னோர் பட்டியலில் உள்ளனர்’ என்று ஒரு குடும்பம் எழுதும்போது, பட்டியலில் இல்லாதோரின் முன்னோர் வரலாற்றுக்குப் புறம்பானோராகி விடுகின்றனர். குடும்ப வரலாறு தனியார் விடயமாக நின்றுவிடாது சமூக விடயமாவது இவ்விடத்திலேயாகும்.

காலக்கணக்கும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சித் தொடக்கத்தை வரலாற்றாசிரியர் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைப்பர். அதிலிருந்து போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய 1619 வரை ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள். தலைமுறைக்கு 30 ஆண்டு எனக் கொண்டால் பதினொரு தலைமுறைகளாவது கழிந்திருக்கும். அந்நீண்ட இடைவெளியை நான்கைந்து பெயர்களாற் கடந்துவிடும் வம்சாவளி, இடையில் உள்ளோரை மறந்திருக்க வேண்டும். அன்றேல் தொடக்கத்தைப் பின்னர் ஒட்டியிருக்க வேண்டும். மேலும், பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்குள்ள முன்னோர் இடங்கள் 1,024. உறவுமுறைத் திருமணங்களால் ஒரே ஆள் பல இடங்களில் வருதல் கூடும் எனினும், தந்தைவழியில் நிற்கும் ஒருவனை மட்டும் ‘எமது ஆதிபுருடன்’ என்பது ஏனையோரை மறைப்பதேயாகும்.

மறைக்கப்பட்டோருள் முதன்மையானோர் பெண்கள். தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் எமது வழக்கில் நிலையான குடும்பப் பெயர் இல்லை. ஒரு தலைமுறையின் பெயர் அடுத்த தலைமுறையோடு மறைந்து விடுகின்றது. ஆனால் காணி மறைவதில்லை. தேசவழமைப்படி தந்தைவழி வந்த முதுசம் ஆண்மக்களைச் சேர, தாயின் சீதனம் பெண்மக்களைச் சேர்ந்தது. வீடும் வளவும் சீதனமாகி, மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்ந்த குடும்பங்கள் பல. எனவே ஓரிடத்தில் ஒரு குடும்பம் தொடர்ந்து வாழ்ந்தமைக்குரிய சான்றைத் தாய்வழியிலேயே காணக்கூடியதாயிருக்கும். தாய்வழியாகக் குடி கணிக்கும் மட்டக்களப்பில் இவ்வுண்மை வழக்கிலேயே வெளிப்படையாக உள்ளது. யாழ்ப்பாணத்திலோ அது காணி உறுதிகளுக்குள் மறைந்து கிடக்கின்றது.

இவ்வகையில், ஆய்வு பட்டியலிலிருந்து கீழ்நோக்கி வராது, அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிப் பின்செல்ல வேண்டும். முதலில் உயிரோடிருக்கும் முதியோரின் நினைவு. அடுத்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிடைக்கும் பிறப்பு, இறப்புப் பதிவுகள். அதன்பின் உறுதிகள். ஓர் உறுதி காணியின் பெயரையும் பரப்பையும் மட்டுமன்றி, நாற்றிசை எல்லைகளில் உள்ள காணிக்காரரையும் குறிக்கின்றது. அயலார் உறுதிகளோடு ஒப்பிட்டால் ஒரு குறிச்சியின் குடிவழியே வெளிப்படும். வளவு, கலட்டி, புலம், தாழ்வு என முடியும் காணிப் பெயர்களுட் சிலவற்றில் பழைய உடைமையாளரின் பெயர் உறைந்துள்ளது. இவற்றுக்கும் அப்பால் ஒல்லாந்தர் காலத் தோம்புகள் உள்ளன. தலைத்தோம்பு ஆட்களையும் காணித்தோம்பு நிலங்களையும் பதிந்தன. பாடசாலை ஆசிரியர் பேணிய பள்ளித்தோம்புகள் திருமுழுக்கையும் திருமணத்தையும் குறித்தன.

தோம்பும் குறையற்ற சான்றன்று. வரிக்கும் ஊழியத்துக்கும் ஆள் கணக்கெடுத்த அரசின் கண்ணுக்குப் புலப்பட்டவையே அதில் உள்ளன. அக்காலத்திற் பலர் திருமுழுக்குப் பெயரோடு பதியப்பட்டனர். சைவப் பெயரை மட்டும் எதிர்பார்த்துத் தேடுவோர் தம் முன்னோரைக் கண்டும் காணாது செல்வர். ஆயினும் அது உயர்ந்தோரை மட்டும் பாடிய நூலன்று. வரிக்குட்பட்ட எளியோனும் அதில் ஒரு பெயராக நிற்கின்றான்.

இத்தேடலுக்குக் காலம் சாதகமாக இல்லை. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோரும், அவ்வாண்டிலேயே குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 1995இல் இடம்பெயர்ந்தோரும் விட்டுச்சென்ற உடைமைகளுள் உறுதிகளும் அடங்கும். உறுதியை இழந்தவருக்குக் குடிவழியை நிறுவுதல் வெறும் ஆர்வமன்று. தாய் பிறந்த வளவு தம்முடையதே எனக் காட்டுவதற்குரிய வழிகளுள் அதுவும் ஒன்று.

எனவே, இத்துறையிற் செய்ய வேண்டியது இன்னுமோர் ஆதிபுருடனைக் கண்டுபிடித்தலன்று. ஊர்தோறும் வீடுகளிற் கிடக்கும் உறுதிகளையும் கல்வெட்டு மலர்களையும், உரியோரின் இசைவோடு படியெடுத்து, காணிப் பெயர்வாரியாக வகைப்படுத்தல் முதற்பணியாகும். வம்சாவளி எழுதுவோர் பெண்களையும் பிறந்த ஊரோடு குறித்தலும், ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரம் வாய்மொழியா, உறுதியா, தோம்பா எனச் சுட்டுதலும் வேண்டும். சான்று முடியுமிடத்திற் கோட்டை நிறுத்திவிடும் நேர்மையும் வேண்டும். எட்டாந் தலைமுறையில் ஒரு பெண்ணின் பெயரோடும் அவளது வளவின் பெயரோடும் நின்றுவிடும் வம்சாவளி, பாண்டி மழவன் வரை செல்லும் வம்சாவளியினும் குறுகியதாயினும், வரலாறு என்னும் பெயருக்கு உரியது அதுவே.