ஸ்டோர்ஸ் வழியும் பிற வழிகளும்

நம் துறையின் வழிகளைப் பற்றி வெள்ளி விழா மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். அவருடைய குருவும் என் குருவும் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர்கள், மறுக்க முடியவில்லை. ஏ.பி.சி., இ.ஓ.க்யூ. எல்லாம் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1913-ல் ஹாரிஸ் போட்ட கணக்கை வில்சன் பெயரில் மனப்பாடம் செய்தவர்கள்தானே நாம்!

நான் ஸ்டோர்ஸ் வழியில் வந்தவன். என் குருவைப் 'பெரியவர்' என்றாலே அம்பத்தூர், பாடிப் பக்கத்து மூத்தவர்களுக்கு யாரென்று தெரியும். அது லைசென்ஸ், பர்மிட் காலம். இறக்குமதி பேரிங் வேண்டுமென்றால் டெல்லிக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைக்கும்போது வாங்கிப் போடுவதே திறமை. லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் வாங்கிப் போட்டதை எண்ணத் தெரியாதவனுக்குப் பெரியவரிடம் இடமில்லை. காலை ஏழரைக்கு ஏதாவது ஒரு ரேக்கின் முன் நிற்பார். கையை விட்டு எண்ணுவார். அப்புறம்தான் பின் கார்டைத் திருப்புவார். ஒரு வாஷர் குறைந்தால் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்காது. ஒருமுறை நான் 'சுமார் 200' என்று எழுதிவைத்திருந்தேன். "சுமார்ங்கிறது எந்த யூனிட் தம்பி?" என்றார். அதற்குப் பிறகு எந்த ரெஜிஸ்டரிலும் அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை.

பர்ச்சேஸ் வழிக்காரர்களுக்கு விலைதான் எல்லாம். நம் சங்கத்தில் அவர்களே பெரும்பான்மை, அதனால் பணிவோடுதான் சொல்கிறேன். 1982-ல் கீத் ஆலிவர் 'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்றார். அடுத்த ஆண்டே பீட்டர் கிரால்ஜிக்கின் கட்டுரை வந்தது. நம் ஊரில் முதலில் மாறியது விசிட்டிங் கார்டு.

1991-க்குப் பிறகு ஜப்பானிய வழி வேகம் பிடித்தது. 1998-ல் பாடி சுந்தரம் கிளேட்டன் டெமிங் பரிசு வாங்கியபோது எல்லோருக்கும் பெருமை. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. மாதக் கணக்கில் பேசிய ஸ்டாக்கை நாள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் பேச ஆரம்பித்தோம். கையிருப்பு பாவமாகிவிட்டது. ஓய்வு பெற்றிருந்த பெரியவரிடம் கான்பானை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லாரி பஞ்சரானா?" என்றார்.

லாரி பஞ்சராகத்தான் செய்தது. 1997-ல் ஐசின் ஆலையில் பற்றிய தீயில், பிரேக் வால்வு இல்லாமல் டொயோட்டாவின் ஆலைகளே சில நாள் நின்றன. 2011 பூகம்பத்துக்குப் பிறகு அதே டொயோட்டா சிப்புகளை 2 முதல் 6 மாதத்துக்கு இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021-ன் தொடக்கத்தில் மற்றவர்கள் தவித்தபோது தாக்குப்பிடித்தது. கான்பானைத் தந்த ஓனோவின் வீட்டிலேயே பெரியவரின் ரேக்! இதற்கு இப்போது 'ரெசிலியன்ஸ்' என்று பெயர் வைத்துக் கருத்தரங்கு நடத்துகிறார்கள்.

நடத்தட்டும். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இளைஞர்களில் கெட்டிக்காரர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் சென்ற ஆண்டு ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். திரையில் 1,140 என்று காட்டியது. ரேக்கில் ஒரு பல்லி இருந்தது. "சிஸ்டத்துல இருக்கு சார்" என்றார் பொறுப்பாளர். பின் கார்டை எடுத்தார்களே, அன்று தொடங்கிய சீரழிவு இது. முதலில் கையெழுத்து போயிற்று, பிறகு மனக்கணக்கு, பிறகு சாவி வாங்கும்போது ரெஜிஸ்டரில் நேரம் குறிக்கும் பழக்கம். இன்று வீட்டில் எத்தனை தட்டு இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் போனைப் பார்க்கிறார்கள். சூயஸில் எவர் கிவன் ஆறு நாள் குறுக்கே கிடந்ததற்கும் பின் கார்டுக்கும் சம்பந்தமில்லை என்று என் மருமகனே சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பெரியவர் சிவப்புப் பென்சிலால் திருத்திய பின் கார்டுகள் 61 என்னிடம் இருக்கின்றன. ஆண்டுக் கூட்டத்தன்று வாசலில் ஒரு மேஜை போட்டால் கொண்டுவந்து தருகிறேன். வாங்குபவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.