நாகசுவரப் பாணியின் மாற்றம்

கலைஞரின் கற்பனையோடு, கலை நிகழும் இடமும் கேட்போரும் கருவியும் மாறும்போது கலைப் பாணியும் மாறுகிறது. 20ஆம் நூற்றாண்டில் நாகசுவர இசை கண்ட மாற்றம் இதற்குத் தக்க சான்றாகும்.

கோயில் வீதி

நாகசுவரம் திறந்தவெளிக்குரிய கருவி. கோயில் வழிபாட்டிலும் சுவாமி புறப்பாட்டிலும் தவில், ஒத்து, தாளம் ஆகியவற்றுடன் அது ஒலித்தது. புறப்பாட்டின் தொடக்கத்தில் மல்லாரி வாசிக்கப்படும். சுவாமி வீதிகளைச் சுற்றிவர ஆகும் நேரமே இசைக்கும் நேரமாக அமைந்தது. ஒரே இராகத்தை நீண்ட நேரம் விரித்து வாசிக்கும் மரபு இச்சூழலில் வளர்ந்தது.

சபாவும் இசைத்தட்டும்

நகரத்துச் சபாக்களில் கச்சேரிக்குக் கால வரையறையும் நுழைவுச்சீட்டும் வந்தன. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கியது. ஒலிபெருக்கி மென்மையான குரலையும் வீணையையும் பெரிய அவைக்குக் கொண்டுசென்றது. இதனால், இயல்பிலேயே உரத்து ஒலிக்கும் நாகசுவரத்தின் தனிச்சிறப்பு குறைந்தது.

ராஜரத்தினம் பிள்ளை

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இம்மாற்றங்களுக்கு இடையில் வாழ்ந்தவர். குட்டையான, உச்சச் சுருதியுடைய திமிரி நாகசுவரத்திற்குப் பதிலாக, நீளமான, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுவரம் பரவ அவர் காரணமானார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அக்கருவியைச் செம்மைப்படுத்தினார். கருவியின் ஒலி வாய்ப்பாட்டின் குழைவை நெருங்கியது. நாகசுவரக் கலைஞர்கள் நின்றும் நடந்துமே வாசித்த காலத்தில், மேடையில் அமர்ந்து வாசிப்பதைப் பிள்ளை தம் உரிமையாகக் கொண்டார்.

மதிப்பீடு

தொழில்நுட்பமே பாணியை மாற்றியது என்பது பாதி உண்மையே. பாரி நாகசுவரத்தின் பரவலை ஒலிபெருக்கியால் மட்டும் விளக்க இயலாது. வாய்ப்பாட்டுக் கலைஞருக்கு மேடையில் கிடைத்த மதிப்பு நாகசுவரக் கலைஞருக்கும் வேண்டும் என்ற சமூக உந்துதலும் அதில் உண்டு.

இம்மாற்றத்தால் இழப்பும் நேர்ந்தது. தாளக் கணக்கில் அமைந்த ரக்தி போன்ற கோயில் உருப்படிகளை வாசிப்போர் அருகினர். கச்சேரிக்கு ஏற்ற கீர்த்தனைகள் முன்னின்றன. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இன்று பலரும் ஒலிப்பதிவில்தான் கேட்கின்றனர். அது இசைத்தட்டின் அளவுக்குச் சுருக்கப்பட்ட தோடி. அதை மட்டும் கொண்டு வீதியில் வளர்ந்த மரபை அளவிடுவது பிழையாகும். பழைய ஒலிப்பதிவை ஆராயும் மாணவர், அதில் பதிவானதோடு பதிவாக இயலாமற் போனதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.