பக்கத்து இறக்கை

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை நடத்திய சாகசத்தில் கைதட்டலெல்லாம் ரஃபேலுக்கும் தேஜஸுக்கும்தான். என் ஓட்டு டகோட்டாவுக்கு. 1947 அக்டோபர் 27 அன்று நம் படையை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கிய ரகம் அது. வால்பக்கம் சின்னச் சக்கரம் என்பதால், தரையில் நிற்கும்போது உள்தளமே சரிந்திருக்கும். பின்கதவில் ஏறுகிற பயணி மேடேறித்தான் இருக்கைக்குப் போகவேண்டும்.

இத்தகைய கிழ விமானங்கள் அணிவகுக்கையில் பயணிக்குக் கிடைப்பது தனி விருந்து. நம் விமானமும் பக்கத்து விமானமும் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறந்தாலும், ஜன்னலுக்கு வெளியே மற்றது நகராமல் நிற்கும். தெப்பம்போல மெல்ல ஏறும், இறங்கும். இறக்கையின் ரிவெட்டுகளும் எஞ்சின் மூடியில் வழிந்த எண்ணெய்க் கறையும் துல்லியமாகத் தெரியும். அந்த விமானி மட்டும் நம்மைப் பார்க்கமாட்டார். முன்னே போகும் விமானத்தின் இரண்டு புள்ளிகளை ஒரே கோட்டில் வைத்திருப்பதே அவர் வேலை. திராட்டிலில் வைத்த கை ஓயாது.

டைகர் மாத் என்ற இன்னொரு கிழ விமானத்தில் பயணிக்கு முன் இருக்கை. தலைக்கு மேலே பெட்ரோல் தொட்டி! விமானியோ பின்னால்.

நம் கயத்தாற்றில் பிரிட்டிஷ் காலத்து ஓடுதளம் உண்டு; விமான அணிவகுப்புக் காட்சிதான் இல்லை. ஆனால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு மங்கோலியப் பக்கமிருந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. முன்பறவையின் இறக்கை நுனியில் எழும் காற்று பின்பறவையைத் தாங்கும். தை மாதம் விடியுமுன் போய் நில்லுங்கள். டிக்கெட் இல்லாத அணிவகுப்பு அது.