வாவிக்கரை மாணவனும் ஆராய்ச்சியும்

விஞ்ஞான ஆராய்ச்சி என்றதும் நமது மாணவனின் மனக்கண்ணில் வெண்ணிற மேலங்கியும் கண்ணாடிக் குழாய்களும் தோன்றுகின்றன. அவை கொழும்பிலும் பேராதனையிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருப்பவை. தன்னாமுனையில் இருப்பவை அல்ல என்பது அவனது எண்ணம். இதில் இலக்கியக்காரனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மட்டக்களப்பு வாவியைப் பற்றி நாம் எழுதிக் குவித்த கவிதைகள் எத்தனை, அந்த வாவியில் நாம் அளந்து குறித்தவை எத்தனை என்று கணக்கிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பாடும் மீனையே எடுத்துக்கொள்வோம். 1848 செப்டெம்பரில் இங்கு வந்த காலனியச் செயலாளர் எமர்சன் தெனன்ற், இரவில் தோணியேறிச் சென்று, அவ்வொலி வாவியின் அடியிலிருந்து எழுவதைக் கேட்டு எழுதினார். மீன்பிடிப்போர் அவருக்குச் சுட்டிக் காட்டியது மீனையன்று, ஊரியை. 1954இல் இங்கு பணியாற்றிய அமெரிக்க இயேசுசபைக் குருவான லாங் அடிகள் அதைப் பதிவு செய்தார். விபுலாநந்த அடிகளோ அவ்வொலியை நீரரமகளிரின் இசையாகவே பாடிவிட்டார். அடிகள் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர். அவரது கற்பனையை நாம் பாடமாக்கினோம். அவரிடம் இருந்த விஞ்ஞானியை மறந்தோம். பாடுவது மீனா, ஊரியா என்ற வினாவை, தெனன்றுக்கு வழிகாட்டிய மீனவரின் வழித்தோன்றல்கள் உயிரியல் படிக்கும் வகுப்பறையில் எழுப்புவோர் அரியர். அது பரீட்சைக்கு வராது அல்லவா!

வாய்ப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. தேசிய விஞ்ஞான மன்றம் பாடசாலை மாணவருக்கென ஆராய்ச்சிச் செயற்றிட்டப் போட்டிகளை நடத்தி வந்திருக்கிறது. இங்கிருந்து சர்வதேச அரங்குவரை சென்ற மாணவரும் உளர். அம்முயற்சியைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் போட்டி என்பது முடிந்துபோன ஆராய்ச்சிக்குப் பரிசளிப்பது. தொடங்கவே வழியற்றவனை அது அறியாது. இந்நாட்டில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1,000 அளவிலேதான். மீதிப் பாடசாலைகளின் பிள்ளைக்குப் போட்டி அறிவித்தல் சுவரொட்டி மாத்திரமே. அமெரிக்காவில் 1942 முதல் நடைபெறும் விஞ்ஞானத் திறமைத் தேர்வின் கதையும் வேறன்று. பொருளுதவும் கம்பனியின் பெயர் இருமுறை மாறியது. பேராய்வுகூடங்களின் கதவைத் தட்டும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இருந்த அனுகூலம் மாறவில்லை.

1993 முதல் இந்தியாவில் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாடு வேறொரு பாதையைக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் அதைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். சிறு குழுக்களாகச் சேரும் பிள்ளைகள் தமது ஊர்க் கிணற்றையும் குளத்தையும் பயிரையும் பற்றித் தமது மொழியிலேயே ஆராய்ந்து அறிக்கை தருகின்றனர். அங்கும் குறைகள் இருக்கலாம். ஆனால் வினா பிள்ளையின் ஊரிலேயே பிறக்கிறது.

நமது வாவியோ ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. கோடையில் மணற்றிட்டு வாயை மூடும். மாரியில் வெள்ளம் வயலை மூழ்கடிக்குமுன் முகத்துவாரத்தை வெட்டிவிடுவர். உப்பும் நன்னீரும் மாறி மாறி ஆளும் இந்நீரில் எந்த மாதம் எவ்வளவு உப்பு? ஒரு லீற்றர் நீரை வற்றக் காய்ச்சி எஞ்சியதை நிறுத்தால் தெரியும். கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் எஞ்சும். அதற்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆறு வந்திருக்கிறது. வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் நீரின் கலங்கல் புலப்படும். செக்கி என்ற இத்தாலியக் குரு 1865இல் பயன்படுத்திய வழி இது. தராசும் கயிறும் கொப்பியும் போதும். ஓராண்டுக் கணக்கால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பத்தாண்டு, வகுப்புக்கு வகுப்பு கைமாறிவரும் கொப்பி, இறாலும் மீனும் ஏன் குறைந்தன என்று கேட்கும் தகப்பனுக்கு உதவும்.

அப்படியானால் தடை எது? பிள்ளைகளை வாவிக்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு நேர அட்டவணையில் இடமில்லை. பாடத்திட்டம் முடியவில்லை என்ற பழிதான் மிஞ்சும். மாணவனின் மாலைகளைத் தனியார் வகுப்பு விழுங்குகிறது. இன்னொன்றையும் வேதனையோடு சொல்ல வேண்டும். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பாடசாலை விட்டுக்கொடுத்த மண்ணில் நிற்கும் அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம், தன்னாமுனைப் பிள்ளைக்கு ஒரு பஸ் பயணத் தூரமே. வாரம் ஒரு பிற்பகல் அதன் கதவைப் பாடசாலைக் கொப்பிகளுக்குத் திறந்துவிடுமாறு கேட்க நமக்கு உரிமை உண்டு. அங்கு கற்கைமொழி ஆங்கிலம் என்பதும் தடையாகாது. உப்பின் நிறை எம்மொழியிலும் ஒன்றே.

வாவியைத் தொட்டு நிற்கும் பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒரு மாலை கூடினால் இதைத் தொடங்கிவிடலாம். அந்த மாலை மாரிக்கு முன்னதாக இருக்கட்டும். முகத்துவாரம் வெட்டப்பட்ட பின் முந்திய வாரத்து உப்பை எவராலும் அளக்க முடியாது.