ஸ்டீஃபன் கிங்கின் பத்து சதவீதமும் என்னுடைய 'அநேகமாக'வும்

ஸ்டீஃபன் கிங்கின் 'ஆன் ரைட்டிங்' புத்தகத்தை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை வேலைக்குச் சேர்ந்த புதிதில், சும்மா ஒரு ஆர்வத்தில். இரண்டாவது தடவை இந்தப் பிளாக் தொடங்கியபோது, வேதவாக்காக. இந்தத் தடவை அவரோடு சண்டை போட்டுக்கொண்டே படித்தேன். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

புத்தகம் 2000-இல் வந்தது. பாதி வாழ்க்கைக் கதை, பாதி தொழில் குறிப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1999 ஜூனில், மெய்ன் மாநிலத்தில் சாலையோரம் நடந்து போனவரை ஒரு வேன் அடித்துத் தூக்கி எறிந்தது. காலும் இடுப்பும் நொறுங்கிக் கிடந்தவர், சில வாரங்களிலேயே மறுபடி உட்கார்ந்து எழுதினார். உட்கார்ந்து எழுது என்று இந்த மனுஷன் சொன்னால் கேட்கத்தான் தோன்றுகிறது.

எனக்குப் பிடித்தது, அவர் எழுத்தைக் கைத்தொழிலாகப் பேசுவது. அவருடைய மாமா ஒருவர், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும் என்ற வேலைக்கும் முழுக் கருவிப்பெட்டியையும் சுமந்துகொண்டு போவாராம். போன இடத்தில் இன்னும் என்ன தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? அதேபோல எழுதுகிறவனுக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்கிறார். மேல் தட்டில் சொல்வளம், இலக்கணம். புதிதாக எழுத வருகிறவருக்கு ஒரு நாளைக்கு 1,000 சொல், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. முதல் வரைவைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுது, இரண்டாவதைக் கதவைத் திறந்து வைத்துத் திருத்து. நடுவில் ஆறு வாரம் அதைத் தொடாதே.

இந்த ஆறு வாரக் கணக்கு எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். இரண்டு மாதம் முந்தைய கோடைத் திறந்து, "எவன்டா இதை எழுதினது?" என்று திட்டிக்கொண்டே கிட் பிளேம் போட்டால் நம்ம பேர்தான் வரும்.

அடுத்தது அவருடைய பிரபலமான சூத்திரம்: இரண்டாம் வரைவு = முதல் வரைவு − 10%. பள்ளியில் படிக்கும்போது கதையைத் திருப்பி அனுப்பிய ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதிக் கொடுத்தது. புத்தகத்தின் கடைசியில் தன்னுடைய '1408' கதையின் தொடக்கத்தையே அடித்துத் திருத்திக் காட்டுகிறார். எந்தச் சொல் போனது, ஏன் போனது என்று. என்னைக் கேட்டால் மொத்தப் புத்தகத்திலும் மதிப்பு மிக்க பக்கங்கள் அவைதான்.

இனி சண்டை.

வினையடைகளைக் களையெடு, பொருத்தமான வினைச்சொல்லைத் தேடு என்கிறார். 'என்று கோபமாகக் கத்தினான்' என்பதில் 'கோபமாக' தேவையில்லை, சரி. ஆனால் 'மடமடவென்று குடித்தான்' என்பதை என்ன செய்வது? ஆங்கிலத்தில் அதற்கு 'கல்ப்' என்று தனி வினை தயாராக இருக்கிறது. தமிழில் அந்தச் செயலின் உருவமே 'மடமட'வில்தான் இருக்கிறது. அதை எடுத்தால் மிஞ்சுவது வெறும் 'குடித்தான்'. இந்த விதி ஆங்கிலத்தின் வினைச்சொல் கையிருப்பை நம்பி நிற்கிறது. அப்படியே இறக்குமதி செய்ய முடியாது.

செயப்பாட்டு வினை வேண்டாம் என்பது மட்டும் நமக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. 'கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது' என்று எழுதுகிறோம். யார் கண்டெடுத்தார்? ஏர் ஓட்டியவரா, ஆடு மேய்த்தவரா? அந்த 'பட்டது' ஒரு ஆளையே விழுங்கிவிடுகிறது.

ஆனால் மோசமான எழுத்துக்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம் என்கிற இடத்தில் நான் இடறினேன். இடறி விழுந்தேன் என்றே சொல்லலாம்.

சில வருடம் முன்பு எங்கள் ஊர் ஏரி மதகு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். முதல் வரைவில் இருந்த வரி: 'இது அநேகமாக நாயக்கர் காலத்து மதகாக இருக்கலாம் என்று நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்.' கிங்கை இரண்டாவது முறை படித்த சூட்டில் பத்து சதவீதம் வெட்ட உட்கார்ந்தேன். 'அநேகமாக', 'இருக்கலாம்' எல்லாம் பயந்தவன் பேச்சாகத் தெரிந்தது. 'இது நாயக்கர் காலத்து மதகு' என்று ஆக்கினேன். வரி நன்றாகவே இருந்தது. நிமிர்ந்து நின்றது.

அடுத்த வருடம் ஊர்த் திருவிழா மலரில் அந்த வரி அச்சாகி வந்தது. படித்துவிட்டு ஒருவர் போன் செய்தார். "தம்பி, நீங்கதானே எழுதினது? ஆதாரம் என்னங்க?" என்னிடம் ஒன்றுமில்லை. சொன்ன பெரியவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவருக்கு யார் சொன்னது என்று கேட்க இனி வழியில்லை. அந்த வரியில் நான் வெட்டியது எட்டு சொல். அதோடு அந்தப் பெரியவரும் போய்விட்டார், 'பட்டது'வில் காணாமல் போகிற ஆட்களைப் போலவே.

இதில் கிங்கின் மேல் குற்றமில்லை. நாவலாசிரியனுக்கு அவன் சொல்வதுதான் அந்த உலகத்தின் உண்மை. அங்கே தயக்கம் ஒரு பலவீனம். தகவல் எழுதுகிறவனுக்கு 'அநேகமாக' என்பதும் ஒரு தகவல்தான். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதன் அளவு அது.

அவருடைய 'தி ஸ்டாண்ட்' நாவலையே பாருங்கள். 1978-இல் வெளியானபோது, அச்சுச் செலவு கட்டுப்படியாகாது என்று பதிப்பகம் சுமார் 400 பக்கத்தைக் குறைக்க வைத்தது. 1990-இல் அதில் பெரும்பகுதியைத் திரும்பச் சேர்த்து மறுபடி வெளியிட்டார். எவ்வளவு வெட்டுவது என்பதைவிட எதை வெட்டுவது என்பதுதான் கேள்வி என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போதும் பத்து சதவீதம் வெட்டத்தான் செய்கிறேன். இந்தக் கட்டுரையிலும் வெட்டினேன். ஆனால் தொடக்கூடாத சொற்கள் என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறேன்: அநேகமாக, நான் பார்த்தவரை, இன்னார் சொன்னார். மதகுக் கட்டுரையின் மேலே திருத்தம் போட்டாயிற்று. அந்த மலரை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு 'அநேகமாக' சேர்த்துவிடுங்கள்.