ஸ்டீனா, ஃபெர்குசனா?

ஸ்காட்லாந்து தந்த கால்பந்து மேலாளர்களில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் அலெக்ஸ் ஃபெர்குசன் என்பார்கள். 1986 முதல் 2013 வரை மான்செஸ்டர் யுனைடெட்டில் 38 கோப்பைகள், அவற்றுள் 13 லீக் பட்டங்கள். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் வழக்கு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் எந்த வசதியோடு, யாரை எதிர்த்து வென்றார் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஜாக் ஸ்டீன் முன்னே வருகிறார். லனார்க்‌ஷரின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து வந்தவர். 1965இல் செல்டிக் அணியின் பொறுப்பை ஏற்றார். 1967 மே 25 அன்று லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என வீழ்த்தி, ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டன் அணியாகச் செல்டிக்கை ஆக்கினார். இன்டர் சாதாரண அணி அல்ல. 1964, 1965 இரண்டு ஆண்டும் அதே கோப்பையை வென்றது. தற்காப்பு ஆட்டத்துக்குப் பேர்போனது. ஏழாவது நிமிடத்திலேயே பெனால்டியில் கோல் வாங்கிய பிறகும் செல்டிக் பின்வாங்காமல் தாக்கி ஆடியே வென்றது. அன்று ஆடிய 11 பேரும் கிளாஸ்கோவிலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள்.

1966 முதல் 1974 வரை ஸ்டீன் தொடர்ந்து வென்ற ஒன்பது லீக் பட்டங்களைச் சிலர் மதிப்பதில்லை. செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டைத் தவிர அங்கே போட்டியே இல்லை என்பது அவர்கள் வாதம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அவருடைய தொடர் வெற்றி தொடங்குவதற்கு முன் ஹார்ட்ஸ் 1958, 1960 ஆண்டுகளிலும், டண்டி 1962இலும், கில்மார்னக் 1965இலும் பட்டம் வென்றிருந்தன. அந்தப் பன்முகப் போட்டியை ஒடுக்கியதே ஸ்டீனின் செல்டிக்தான். அதே வேளை, 1970 ஐரோப்பிய இறுதியில் ஃபெயனூர்டிடம் தோற்றதும், அவருடைய ஸ்காட்லாந்து அணி 1982 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு திரும்பியதும் அவர் கணக்கில் பற்றாகவே நிற்கின்றன.

ஃபெர்குசனின் உண்மையான வலிமை மான்செஸ்டரில் அல்ல, அபர்தீனில் இருக்கிறது. 1955க்குப் பிறகு லீக் பட்டமே காணாத அந்த அணியை 1980, 1984, 1985இல் வாகை சூடவைத்து, கிளாஸ்கோவின் இரு அணிகளின் பிடியை உடைத்தார். 1983இல் கோதன்பர்க்கில் ரியல் மாட்ரிட்டையே வென்று கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் பட்டத்தையும் பெற்றார். மான்செஸ்டரிலோ முதல் லீக் பட்டத்துக்கு 1993 வரை காத்திருக்க நிர்வாகம் இடம் கொடுத்தது, பணமும் குறைவில்லை. அத்தனை இருந்தும் 26 ஆண்டுகளில் ஐரோப்பாவின் உச்சக் கோப்பை 1999, 2008 என இருமுறைதான். தலைமுறை மாற மாற அணியைப் புதிதாகக் கட்டி, கால் நூற்றாண்டு முன்னணியில் வைத்திருந்த திறமைக்கு மட்டும் மறுப்பே இல்லை.

ஆகவே நீடித்த ஆட்சியில் ஃபெர்குசன் பெரியவர். ஆனால் கையில் இருந்ததைக் கொண்டு எட்டிய உயரத்தில் ஸ்டீனுக்கு நிகர் இல்லை. மேலாளரின் கலைக்கு அதுவே சரியான உரைகல். ஃபெர்குசனுக்கு 1999இல் சர் பட்டம் கிடைத்தது. ஸ்டீனுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை. பட்டம் எப்படிப் போனாலும், முதலிடம் ஸ்டீனுக்கே.